‘மருந்து இருப்பு உண்டு’ என்று சொன்ன பக்கம்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தீபா சில வாரங்களுக்கு முன் போன் செய்தாள். ஆஸ்பத்திரி இணையதளத்துக்காக நாங்கள் வாங்கிவரும், தேடுபொறிகளுக்குப் பக்கங்களை முன்கூட்டியே தயாரித்து வைக்கும் ப்ரீரெண்டரிங் சேவையை நிறுத்திவிடலாமா என்று நிர்வாகத்தில் கேட்கிறார்களாம்.

“தேடுபொறிங்க எல்லாம் இப்ப ஜாவாஸ்கிரிப்டைத் தானே படிச்சுக்குதுங்களாமா அக்கா. அப்புறம் எதுக்கு இந்தச் செலவுன்னு கேக்கறாங்க. வேற ரெண்டு கம்பெனிக்காரங்களும் வந்து பேசிட்டுப் போயிருக்காங்க. எது நல்லதுன்னு நீங்க சொன்னீங்கன்னா நான் அப்படியே சொல்லிருவேன்.”

“யோசிச்சுச் சொல்றேன் கண்ணு” என்று போனை வைத்துவிட்டேன். இந்த ஒப்பீட்டை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன். அதில் ஒரு பெண்ணின் சாவு இருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கொல்லிமலைக்கு நான் வந்தது டைப்பிஸ்டாக. வீட்டுக்காரருக்கு இங்கே பள்ளிக்கூட வேலை கிடைத்தது. ராசிபுரம் பக்கத்திலிருந்து பெட்டி படுக்கையோடு ஏறி வந்தோம். ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயரைப் பதியும் வேலை எனக்கு. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் இன்டர்நெட் வந்தது. எது வந்தாலும் “சரோஜா பாத்துக்குவா” என்று என் மேசைக்குத் தள்ளினார்கள். விடுமுறை நாட்களில் நாமக்கல்லுக்குப் போய் இணையதளம் எழுதக் கற்றுக்கொண்டேன். கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. வளைவுகளில் வாந்தி எடுக்காமல் பஸ்ஸில் இறங்கி ஏறப் பழகியதுதான் அதில் சிரமம்.

எங்களுக்கெல்லாம் மேலே இருந்தவர் டாக்டர் எஸ்தர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, உயராத குரல். கெட்ட செய்தியை அவர் நின்றுகொண்டு சொல்லி நான் பார்த்ததில்லை. உறவுக்காரர்கள் தரையில் உட்கார்ந்திருந்தால் தானும் தரையில் உட்காருவார். சுற்றி வளைக்காமல் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார். பிறகு அவர்கள் அழுது முடியும்வரை எழுந்திருக்க மாட்டார்.

எங்களில் யாராவது “மருந்து இருக்கும் டாக்டர்” என்று சொல்லிவிட்டால் போதும், கையிலிருப்பதை வைத்துவிட்டுத் திரும்புவார். “இருக்கும்னா என்ன? இருக்கா, இல்லையா? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு.” புதிதாகச் சேர்ந்த நர்சுகள் முதல் வாரத்திலேயே அந்தச் சொல்லை விட்டுவிடுவார்கள்.

மலையில் பாம்புக்கடி அடிக்கடி வரும். மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில், மரவள்ளிக் காட்டில், சாமை அறுப்பில் கடிபட்டு வருவார்கள். விஷமுறிவு மருந்து எங்களிடம் பெரும்பாலும் இருக்கும். சில நாட்கள் தீர்ந்தும் போகும். அரசு மருத்துவமனை இருப்பது எதிர்த்திசையில். நடுவில் உள்ள ஊர்க்காரர்கள் சோளக்காடு ஊருக்கு அப்பால் சாலை பிரிகிற இடத்தில் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவு செய்தாக வேண்டும். அதற்காகத்தான் எங்கள் பழைய இணையதளத்தின் முதல் பக்கத்தில் டாக்டர் சொல்லி ஒரு வரி போட்டிருந்தேன்: ‘விஷமுறிவு மருந்து: இருப்பு உண்டு’ அல்லது ‘இல்லை’. மருந்து தீர்ந்தால் நர்ஸ் ராணி உடனே வந்து மாற்றிவிடுவாள்.

மலையில் இருப்பவர்கள் இதைத் தேடிப் பார்ப்பதில்லை. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலைக்குப் போயிருக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தேடுவார்கள். ஊரிலிருந்து அழுதுகொண்டு போன் வரும். இவர்கள் போனில் தேடிப் பார்த்துவிட்டு எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். நான் எழுதிய தளம் அழகாக இருக்காது. ஆனால் தேடினால் முதலில் வந்து நிற்கும்.

அறக்கட்டளையின் செயலாளர் சேலத்தில் இருந்தார். நன்கொடையாளர்கள் பார்க்கிற தளம் இப்படியா இருப்பது என்று அவருக்கு வருத்தம். வெளியூர் கம்பெனி ஒன்றிடம் கொடுத்து முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டில் புதிதாகக் கட்டவைத்தார். பக்கங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன, படங்கள் மெல்ல மலர்ந்தன. சில மாதங்களில் நாங்கள் தேடுபொறியில் காணாமல் போனோம். ஆஸ்பத்திரியின் பெயரைப் போட்டுத் தேடினால், யாரோ நடத்தும் முகவரித் தளம் ஒன்று ‘இந்த மருத்துவமனை மூடப்பட்டுவிட்டது’ என்று சொல்லியது. மூடிவிட்டதாக நினைத்துக் கீழே வரை போய் வந்த ஒரு கர்ப்பிணியின் கணவர் சண்டை போட்ட அன்றுதான் டாக்டர் என் அறைக்கு வந்தார்.

பக்கத்தின் மூல நிரலைத் திறந்து காட்டினேன். ஒரு காலிப் பெட்டி. அதன் கீழே, இந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டு என்று ஒரு வரி. எழுத்து, எண், படம் எல்லாம் நிரல் ஓடிய பிறகுதான் அந்தப் பெட்டிக்குள் வந்து நிரம்பும். நாம் திறந்தால் நம் பிரவுசர் ஓட்டிக்காட்டும். பக்கங்களைப் படித்துப் போகத் தேடுபொறிகள் அனுப்பும் ‘பாட்’ என்ற தானியங்கி அப்படி நின்று ஓட்டும் என்று நிச்சயமில்லை. சில பாட்கள் ஓட்டுவதே இல்லை. ஓட்டுகிறவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையில் போட்டுவிட்டுப் போய்விடும்.

“அப்ப அதுங்க கண்ணுக்கு நாம வெத்துத்தாள்” என்றார் டாக்டர்.

“ஆமாங்க டாக்டர்.”

இதற்கு மருந்து ப்ரீரெண்டரிங். நிரலை முன்கூட்டியே ஓட்டி, நிரம்பிய பக்கத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வார்கள். வருவது பாட் என்று தெரிந்தால் அந்தப் பிரதியை நீட்டுவார்கள். மனிதர் வந்தால் வழக்கமான பக்கம். இதைச் செய்துதரும் சேவைகள் பல இருந்தன. மூன்றை எடுத்துக்கொண்டேன்.

முதலாவது வெளிநாட்டுச் சேவை. சர்வரில் சில வரிகள் சேர்த்தால் முடிந்தது. அன்று மாலையே பிரதிகள் தயாராகிவிட்டன. இரண்டாவது கொஞ்சம் மெனக்கெட வேண்டியது. ஆனால் பக்கத்தில் ஏதாவது மாறினால், இந்தப் பிரதியைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எடு என்று நாமே கட்டளை அனுப்பலாம். மூன்றாவதை நம் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம். பிரதியைச் சேமிக்காது, கேட்கும்போதெல்லாம் புதிதாகச் செய்து கொடுக்கும். அதனால் பழசு என்ற பேச்சே இல்லை. ஆனால் நான்கைந்து பாட்கள் ஒன்றாக வந்தால் எங்கள் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி நின்றது. மலையில் மின்சாரம் போனால் அதுவும் போனது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது டாக்டர் வேகத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ கேட்கவில்லை. “மருந்து தீர்ந்துபோச்சுன்னு வை. ராணி மாத்திட்டா. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் பொய் சொல்லும்?” என்று கேட்டார்.

அதை மட்டும் சோதித்துப் பார்த்தேன். ‘உண்டு’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றுவேன். பிறகு பாட் மாதிரி என்னை அடையாளம் காட்டிக்கொண்டு அதே பக்கத்தைக் கேட்பேன். என்ன வருகிறது என்று பார்ப்பேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கேட்பேன். இரண்டாவது சேவை கட்டளை போன சிறிது நேரத்திலேயே ‘இல்லை’ என்றது. முதலாவது அன்று முழுக்க ‘உண்டு’ என்றது. மறுநாளும் ‘உண்டு’ என்றது. பிரதியை எப்போது புதுப்பிப்பது என்பதை அவர்களின் கால அட்டவணைதான் முடிவு செய்யும். நாங்கள் வாங்க இருந்த திட்டத்தில் அவசரப்படுத்த வழியில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. சேவையின் பிரதி மாறினாலும், தேடுபொறி தான் படித்துப் போனதைத் தன்னிடம் வைத்திருக்கும். அது அடுத்தமுறை வந்து படிக்கும்வரை, தேடல் முடிவின் கீழே வரும் அந்த இரண்டு வரிகள் பழையவைதான். எந்தச் சேவையை வாங்கினாலும் அதை நம்மால் கட்டிப்போட முடியாது.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “அப்ப ரெண்டாவதை வாங்கலாம். ஆனா மருந்து வரியை எடுத்துரு. வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணுங்கன்னு மட்டும் போடு. போனுக்கு ஒரு ஆளு பதில் சொல்லட்டும். ஆளு அலமாரியைப் பாத்துட்டுச் சொல்லும்” என்றார்.

செயலாளருடன் வீடியோவில் பேசினோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. மழையில் கூரை ஒழுகிய வார்டுக்குத் தன் கைப்பணத்தில் தகடு போட்டுக் கொடுத்தவர். ஆனால் அந்த வரியை விட அவருக்கு மனம் இல்லை.

“ஏனுங்க டாக்டர், சனங்க தேடறதே பாம்புக்கடி மருந்து எங்க இருக்குன்னுதானுங்களே? அதை எடுத்துட்டா நம்ம பக்கம் எப்படி மேல வரும்? தளம் கட்டுன கம்பெனிக்காரங்க முதல் சேவையத்தான் பழக்கம்கறாங்க. அதையே போட்டுக்கலாமுங்க. ரெண்டு நாள் முன்னப் பின்ன ஆனா என்னங்க, மருந்து எப்பவும் இருக்கத்தானே இருக்குது?”

“எப்பவும் இல்ல சார்” என்றார் டாக்டர். அதையே இன்னொரு முறை சொன்னார். பிறகு எழுத்திலும் அனுப்பினார். முதல் சேவையே முடிவாயிற்று. நான் அதைப் பொருத்தினேன். சில வாரங்களில் தேடலில் மறுபடியும் முதலில் வந்தோம். செயலாளர் எல்லோருக்கும் வாழ்த்து அனுப்பினார்.

அடுத்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. அடுத்தடுத்து வந்த இரண்டு பாம்புக்கடிகளுக்கு இருந்த மருந்து முழுவதும் செலவானது. கீழிருந்து வர வேண்டிய வண்டி ஒரு வளைவில் மண் சரிந்ததால் வரவில்லை. கடைசிக் குப்பியை எடுத்த கையோடு ராணி வந்து ‘இல்லை’ என்று மாற்றினாள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எங்கள் திரையில் ‘இல்லை’ என்றுதான் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை வெள்ளையம்மாளைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதுக்குள் இருக்கும். மரவள்ளிக் காட்டில் களை எடுக்கும்போது கண்ணாடி விரியன் கணுக்காலுக்கு மேலே கடித்திருக்கிறது. கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. அவள் கணவரும் இன்னும் சிலரும் ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். அவள் நினைவோடு இருந்தாள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது என்னைப் பார்த்து, “ஊட்டுக் கதவைச் சாத்தாம வந்துட்டனுங்க” என்றாள்.

டாக்டர் அவள் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து அசையாமல் நிறுத்தி வைத்தார். நல்ல ரத்தம் இருபது நிமிடத்தில் உறைந்துவிட வேண்டும். நேரம் ஆனதும் குழாயைச் சாய்த்தார். தண்ணீர் போல ஓடியது. கடிவாயிலிருந்தும் ஈறிலிருந்தும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

டாக்டர் கணவரிடம் போய் உட்கார்ந்தார். “எங்ககிட்ட மருந்து தீர்ந்துபோச்சு. இப்பவே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம். நானும் வண்டியில வாறேன்.”

அந்த மனிதருக்குப் புரியவில்லை. “இல்லீங்களே, இங்க இருக்குதுன்னு மச்சான் போன்ல பாத்துச் சொன்னானுங்களே? இல்லாட்டி நாங்க அந்தப் பக்கமே திரும்பி இருப்பமுங்களே?”

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பிறகு வண்டியில் ஏறிக்கொண்டார்.

வண்டி போனதும் நான் அறைக்குப் போய், சோதித்த காலத்தில் செய்தது போலவே, பாட் என்று சொல்லிக்கொண்டு எங்கள் பக்கத்தைக் கேட்டேன். ‘விஷமுறிவு மருந்து: இருப்பு உண்டு.’

யாரையும் கேட்காமல் அந்த வரியைத் தளத்திலிருந்தே எடுத்தேன். முதல் பக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் வெறும் எழுத்தாகத் திரும்ப எழுதினேன்: வருவதற்கு முன் அழைக்கவும், எண் இது. எல்லாம் முடிந்த பிறகுதான் செயலாளருக்குத் தகவல் சொன்னேன்.

அரசு மருத்துவமனையில் போன உடனே மருந்து ஏற்றினார்கள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்து சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சிறுநீரகம் நின்றுபோனது. டயாலிசிஸில் வைத்திருந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் வெள்ளையம்மாள் இறந்துபோனாள்.

போனில் பார்த்துச் சொன்ன மச்சான், அவள் தம்பி பொன்னுசாமி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை. அடக்கம் முடிந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கத்துவான், அடிப்பான் என்று வாட்ச்மேன் கூடவே வந்தார். அவன் கத்தவில்லை. போனை நீட்டினான். தேடல் முடிவைப் படம் பிடித்து வைத்திருந்தான். எங்கள் பெயர், அதன் கீழே அந்த வரி.

“பக்கத்தைத் தொறக்கக்கூட இல்லீங்க. இதுலயே இருக்குதுன்னு போட்டிருந்துச்சு. உடனே மாமனுக்குப் போனைப் போட்டு இங்க திருப்பச் சொன்னேன். நாந்தானுங்க சொன்னேன்.”

என்ன பேச வேண்டும் என்று செயலாளர் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்: இது கம்ப்யூட்டர் சமாச்சாரம், எங்களுக்கு ஒன்றும் தெரியாது, அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்து அவன் எதிரே உட்கார்ந்தார்.

“நீங்க படிச்சது சரிதான். எங்க பக்கம்தான் பொய் சொல்லுச்சு. அதுக்கு முந்தின நாளே மருந்து தீர்ந்துபோச்சு. பழைய பிரதி மாறவே இல்ல. இப்படி நடக்கலாம்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். நிர்வாகத்துக்கும் சொல்லி இருந்தோம். தப்பு உங்க மேல இல்ல.”

அவன் போனைச் சட்டைப்பையில் வைத்தான். “நேரா அந்தப் பக்கம் போயிருந்தா அக்கா பொழைச்சிருக்குமுங்களா?”

“உறுதியாச் சொல்ல முடியாது தம்பி. வாய்ப்பு இருந்துச்சு.”

அந்தப் பதிலை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றியது. அப்புறம் பலமுறை யோசித்துப் பார்த்தேன். பொய்யைக் கேட்டுத்தான் அவன் அங்கே வந்து உட்கார்ந்திருந்தான். இன்னொன்றை எப்படி அவன் கையில் கொடுப்பது?

டாக்டர் எஸ்தரின் ஒப்பந்தத்தை அடுத்தமுறை புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. போகும் நாளிலும் வார்டைச் சுற்றி வந்தார். கட்டில் கட்டிலாக நின்று, எந்த நோயாளிக்கு என்ன என்று புதிய டாக்டருக்குச் சொல்லிவிட்டு மதிய பஸ்ஸில் இறங்கிப் போனார்.

தீபாவுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். சேவையை நிறுத்த வேண்டாம். தேடுபொறிகள் இப்போது நிரலை ஓட்டுவது உண்மைதான். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் புதுச் செயலிகளின் பாட்கள் பல இன்னும் ஓட்டுவதில்லை. அவற்றுக்கு நாம் வெற்றுத்தாள்தான். மூன்றில் இரண்டாவதை வைத்துக்கொள். செயலாளரும் பிறகு அதற்குத்தான் சம்மதித்தார். டாக்டர் வரும் நேரம், பிரிவுகள், வழி எல்லாம் பிரதியில் இருக்கட்டும். மணிக்கு மணி மாறுகிற எதையும் எந்தப் பிரதியிலும் வைக்காதே. அந்தச் செயலிகள் பழைய வரியைப் படித்தால், அதைத் தேடுபொறியைவிடத் தெளிவான வாக்கியத்தில் சொல்லும். கேட்பவர் சந்தேகப்படவே மாட்டார். நர்சுகளின் மேசையில் இருக்கும் போனை யாராவது எடுக்கிறார்களா என்று நீயே அவ்வப்போது வெளியிலிருந்து அழைத்துப் பார்.

இனி பொன்னுசாமி. அன்று அவன் எழுந்து போகும்போது என்னிடம் கேட்டான். “அந்த வரிய எடுத்துட்டீங்களாக்கா?”

“எங்க பக்கத்துல அன்னைக்கே எடுத்துட்டேன் சாமி. தேடுபொறி வெச்சிருக்கறதையும் எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கறேன். அது அவங்க கையில இருக்குது.”

“எப்பங்க எடுப்பாங்க?”

எனக்குத் தெரியவில்லை. என் போன் நம்பரைக் கொடுத்தேன்.

அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அழைத்தான். பின்னால் தையல் மெஷின்களின் சத்தம் கேட்கும். “இன்னும் இருக்குதுன்னுதான் காட்டுதுங்கக்கா” என்பான். “மறுபடியும் கேட்டிருக்கறேன் சாமி” என்பேன். அவன் அக்காவுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்த அன்றும் ஊரிலிருந்து அழைத்தான். அன்றும் இருந்தது.

பிறகு ஒரு நாள் நான் சோற்றுத் தட்டில் கை வைத்திருந்தபோது அழைத்தான்.

“இன்னைக்குக் காட்டலீங்கக்கா.”

“நல்லாப் பாத்தியா சாமி?”

“ரெண்டு மூணு போன்ல பாத்துட்டனுங்க. கூட வேலை செய்யறவங்க போன்லயும் பாத்தேன். வரவே இல்லீங்க.”

“சரி சாமி.”

அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில், அத்தனை நாளும் என்னிடம் அழாதவன் அழுகிற சத்தம் கேட்டது. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். “வாரேனுங்க” என்றான், எனக்கா அவர்களுக்கா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் அழைக்கவில்லை.